லவீனா ஏறாத வள்ளம்

வள்ளத்தின் பெயர் லவீனா. ஆட்டோக்களுக்குப் பெயர் எழுதுகிறவனைக் கூட்டி வந்து, நீல நிற முன்பக்க அணியத்தில் பெரிய வெள்ளை எழுத்தில் எழுதுவித்தது. குருநகர்க் கரையில் எந்த மூலையில் நின்று பார்த்தாலும் தெரியும். அந்த வள்ளத்தில் இன்னும் கால் வைக்காத ஆள் யார் என்று கேட்டால், பெயருக்குச் சொந்தக்காரிதான்.

சுற்றிப் பார்க்க வந்த ஜெர்மன்காரி ஏறிவிட்டாள். கொழும்பில் வங்கியில் வேலை செய்கிற பெண்கள் கூட்டமாக வந்து ஏறி, அணியத்தில் கையை விரித்துக்கொண்டு நின்று படம் பிடித்துவிட்டார்கள். கனடாவில் பிறந்து, ‘தண்ணி’ என்பதைத் தவிர வேறு தமிழ் வாயில் வராத குஞ்சு குருமான்கள்கூட ஏறி இறங்கிவிட்டன. லவீனா மட்டும் கரையில் நின்று அத்தனை பேருடைய செருப்புகளையும் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் காவல் காப்பாள். இதற்கு வயிறு எரியாவிட்டால் வேறு எதற்கு எரியும்?

அவள் புருஷன் ஜெயசுதன் முந்தி இறால் பிடித்தவன். மாரி மழை ஓய்ந்தால் சிறுத்தீவுப் பக்கத்து ஆழமில்லாத தண்ணீரில் பூநாரைகள் வந்து இறங்கும். ஒன்றிரண்டு அல்ல, கூட்டம் கூட்டமாக. இந்தக் கரைக்காரர்கள் அதைப் பெரிதாக எண்ணியதே இல்லை. வலைக்குக் குறுக்கே நிற்கிற பறவை, அவ்வளவுதான். எங்கிருந்தோ வந்த ஒருவன் அதை வீடியோ எடுத்து உலகத்துக்குக் காட்டினான். அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே சனத்தை! ஜெயசுதன் வள்ளத்தில் இருக்கைப் பலகை அடித்தான், செம்மஞ்சள் நிறத்தில் மிதப்புச் சட்டைகள் வாங்கினான். வருகிறவர்கள் விடியப் போய்ப் பறவை பார்த்து, திரும்பி வரும்போது ஒல்லாந்தன் கட்டின கோட்டையைக் கடலிலிருந்து பார்த்து, பிறகு அவன் வீட்டு முற்றத்தில் பனையோலைப் பிளாவில் கூழ் குடிக்க வேண்டும். கூழ் காய்ச்சுவது யார் என்று சொல்லத் தேவையில்லை.

லவீனா ஏன் ஏறவில்லை என்றால், அது அவள் மாமி லூர்த்தம்மாவின் சட்டம். தொழில் வள்ளத்தில் வீட்டுப் பெண்கள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் கடல் பொறுக்காது. வேறு வீடுகளில் இந்தக் கதையைக் கைவிட்டு எவ்வளவோ காலம். லூர்த்தம்மா கைவிடுகிற ஆள் இல்லை. தினமும் விடியற்காலை கரைக்கு வந்து, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு, வள்ளம் போய் மறையும்வரை நிற்பார்.

“அப்ப அந்த வெள்ளைக்காரியள் ஏறினமே, மாமி? அவையளைக் கடல் பொறுக்குமோ?” என்று லவீனா ஒருநாள் கேட்டே விட்டாள்.

“அவையள் வெளியார். கடலுக்கு ஆரெண்டு தெரியாது. வீட்டுப் பொம்பிளையளைத்தான் அது கணக்கிலை எடுக்கும்” என்றார் லூர்த்தம்மா. கடலோடு நேரே கதைத்துவிட்டு வந்தவர் மாதிரி.

இன்னொரு சட்டமும் உண்டு. கரையிலிருந்து தள்ளின வள்ளத்தைத் திருப்பக் கூடாது. போகிறவனைப் பின்னால் கூப்பிடவும் கூடாது. ஒருமுறை ஜெயசுதன் குடிதண்ணீர்க் கானை மறந்து கரையிலேயே விட்டுவிட்டுப் போனான். லூர்த்தம்மா அந்தக் கானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாயை இறுக மூடியபடி, மகன் நாவறண்டு திரும்பி வரும்வரை நின்றார். அவ்வளவு வைராக்கியம்.

இப்படியே எரிச்சலை விழுங்கிக்கொண்டு லவீனா காலத்தை ஓட்டியிருப்பாள். அதற்குள் பாரிசிலிருந்து ஸ்ரெல்லா வந்து சேர்ந்தாள்.

ஸ்ரெல்லா பள்ளிக்கூடத்தில் லவீனாவோடு ஒரே வாங்கில் இருந்தவள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஜெயசுதனுக்கு முதலில் கல்யாணப் பேச்சுக்கால் நடந்தது ஸ்ரெல்லாவோடுதான். அவளுக்குப் பிரான்சுக்குப் போக விசா வந்ததால் அது குழம்பி, பிறகுதான் லவீனாவைக் கேட்டு வந்தார்கள். ஊரே மறந்த விஷயம். லவீனா மறக்கவில்லை. எப்படி மறப்பாள்?

வந்தவள் முற்றத்தில் நின்றுகொண்டு, “சுதன், எப்பிடி இருக்கிறீர்?” என்று கேட்டாள். சுதன்! தாலி கட்டிய நாளிலிருந்து லவீனா அவனை ‘இஞ்சருங்கோ’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இவள் வந்திறங்கிய கையோடு சுதனாம். அவனும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, “வாரும், வாரும், நாளைக்கே வள்ளத்திலை கூட்டிக்கொண்டு போறன்” என்றான்.

மறுநாள் ஸ்ரெல்லா போனாள். காற்றுக்குச் சால்வையைத் தலையோடு சுற்றி, அதன்மேல் ஒரு பெரிய தொப்பியும் போட்டுக்கொண்டு, அவன் கையைப் பிடித்து ஏறினாள். லவீனா அவளுடைய செருப்பையும் சாக்கில் போட்டாள். விலைகூடின செருப்பு. வீட்டுக்கு வந்து கூழ் காய்ச்சும்போது செத்தல் மிளகாயை இரண்டு மடங்காக அரைத்துப் போட்டாள். பாரிசு நாக்கு அவியட்டும் என்று மனதாரப் போட்டாள்.

ஸ்ரெல்லா வந்து பிளாவை வாயில் வைத்தாள். மூக்கும் கண்ணும் ஒன்றாக ஓடின. “மாதாவே!” என்று மூச்சை இழுத்துக்கொண்டு, “எடியே லவீனா, இந்த உறைப்புக்கு எத்தினை வருசம் ஏங்கிக் கிடந்தனான் தெரியுமோ? இன்னும் கொஞ்சம் வாரடி!” என்று பிளாவை நீட்டினாள். அந்தப் பழியும் பாழாய்ப் போயிற்று.

குடித்து முடித்துக் கை கழுவும்போதுதான் ஸ்ரெல்லா அதைச் சொன்னாள்.

“என்ன வடிவடி அது! எல்லாம் ஒரேயடியா எழும்பிப் பறக்கேக்கை எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. நீ ஒருக்கா எண்டாலும் வந்து பாக்கலாம்தானே? பயப்பிட என்ன இருக்கு, முழங்கால் தண்ணிதானே?”

“பயமோ? ஆருக்குப் பயம்?”

“உனக்குத்தான். கடலெண்டால் உனக்கு நடுக்கமெண்டு சுதன் சொன்னவர். வள்ளத்திலை பேரைப் பாத்திட்டு நான் கேட்டனான், ஏன் லவீனா வாறேல்லை எண்டு.”

லவீனாவுக்குக் காதுக்குள் இரைந்தது. அவள் பக்கத்துக் கரையான பாசையூரில் பிறந்தவள். அண்ணன்மாரோடு போட்டிக்கு நீந்தி, அவர்களை முந்திக்கொண்டு போய்க் கட்டுமரத்தில் ஏறிக் குந்தியிருந்து சிரித்தவள். அவளுக்குக் கடல் நடுக்கமாம்!

எல்லாரும் போன பிறகு, கிணற்றடியில் மிதப்புச் சட்டைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஜெயசுதனுக்கு முன்னால் போய் நின்றாள்.

“இஞ்சருங்கோ, நான் கடலுக்குப் பயந்தவளோ?”

அவன் நிமிரவில்லை. “வாற எல்லாரும் கேக்கினம். ஆர் லவீனா, ஏன் வரேல்லை எண்டு. என்னத்தைச் சொல்ல? அம்மா விடமாட்டா எண்டு சொல்லட்டோ? சிரிப்பினம்.”

“அவையள் சிரிக்கக் கூடாதெண்டு என்னைப் பயந்தாங்கொள்ளி ஆக்கினீங்களோ? ஜெர்மன்காரிக்கும் இதைத்தான் சொன்னீங்களோ?”

“எல்லாருக்கும் ஒரு பதில்தானே சொல்லலாம்.”

“அப்ப என்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கோ. அதுக்குப் பிறகு என்ன வேணுமெண்டாலும் சொல்லுங்கோ.”

“அம்மாவைக் கேள்” என்றான் அவன். தப்பி ஓடுகிற ஆண்பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

லவீனா மாமியைக் கேட்கப் போகவில்லை. கேட்டால் கிடைக்கிற பதில் மனப்பாடம். அன்று பின்னேரம் அவள் போன இடம் வேறு. உலகத்தில் யாரிடம் போய் ஒரு உதவி கேட்கக் கூடாது என்று நினைத்திருந்தாளோ, அவளிடம் போனாள். இரண்டு ஒழுங்கை தள்ளி, சித்தி வீட்டில் தங்கியிருந்த ஸ்ரெல்லாவிடம்.

 தேத்தண்ணீரைக் குடித்தாள், முடிந்த பிறகும் வெறுங்கோப்பையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரெல்லா தன்னுடைய கூட்டாளி ஜெறோமும் அவன் மனைவியும் பாரிசிலிருந்து வந்திருப்பதாகவும், நாளைக்கு அவர்களோடு திரும்பவும் பறவை பார்க்கப் போவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பவுமா! ஒருக்கால் பார்த்தது போதாதா இவளுக்கு?

“நாளைக்கு உன்ரை இடத்திலை நான் போகட்டோ?” என்று லவீனா வெடுக்கென்று கேட்டாள். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. மாமியின் சட்டம், புருஷனின் பொய், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மிளகாய்க் கதையை மட்டும் சொல்லவில்லை.

 ஸ்ரெல்லா எழும்பிப் போய்த் தன்னுடைய காற்சட்டையையும் சால்வையையும் தொப்பியையும் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

“எனக்குப் பேசின மாப்பிள்ளையைக் கொண்டுபோனாய். இப்ப தொப்பியையும் கொண்டுபோ” என்று சொல்லிச் சிரித்தாள்.

வேறு நாளென்றால் அந்தப் பகிடிக்கு லவீனா மூன்று நாள் சாப்பிட்டிருக்கமாட்டாள். அன்று தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் இருட்டு விலகும் முன்பே, “பூசைக்குப் போறன், மாமி” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். ஸ்ரெல்லா வீட்டில் உடுப்பு மாற்றி, அவளுடைய செருப்பையும் மாட்டி, சால்வையால் மூக்குவரை மூடி, தொப்பியை இறக்கிவிட்டு, ஜெறோமுக்கும் அவன் மனைவிக்கும் பின்னால் நடந்தாள். அவர்களுக்கு ஸ்ரெல்லா ஒன்றும் விளக்கமாகச் சொல்லவில்லை. தன்னுடைய சிநேகிதி ஒருத்தி வருகிறாள், குளிருக்குப் பயந்து மூடியிருக்கிறாள் என்று மட்டும் சொல்லியிருந்தாள். லவீனா வாழ்க்கையில் முதல்தரம் காற்சட்டை போட்டிருந்தாள். நடக்கும்போது இரண்டு கால்களும் வேறு யாருடையவோ போல இருந்தன.

கரையில் லூர்த்தம்மா செபமாலையோடு நின்றார். செருப்புக் காக்க மருமகளைக் காணோம் என்று முணுமுணுத்துக்கொண்டே சாக்கை விரித்தார். லவீனா தன்னுடைய காலில் கிடந்த ஸ்ரெல்லாவின் விலைகூடின செருப்பைக் கழற்றி, மாமியின் கைக்கு நேரே நீட்டினாள். அவர் வாங்கிச் சாக்கில் போட்டார். அட கடவுளே, அந்த ஒரு நிமிஷத்துக்கே இவ்வளவு பாடும் தகும் என்று லவீனாவுக்குத் தோன்றியது.

ஜெயசுதன் தண்ணீரில் நின்று ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏற்றினான். அவள் முறை வந்தது. கையைப் பிடித்தான்.

“கவனம் ஸ்ரெல்லா. வழுக்கும். மெல்ல, மெல்ல” என்றான்.

எவ்வளவு தண்மையான குரல்! வீட்டில் ‘தேத்தண்ணி’, ‘உப்புக் காணாது’ என்பதற்கு மேல் பேசாத வாயிலிருந்து இப்படி ஒரு குரல் வருமா? அதுகூடப் போகட்டும். இத்தனை வருஷம் பிடித்த கையை அவனுக்குத் தெரியவில்லை. இறால் உடைத்து, தேங்காய் துருவி, காய்த்துப்போன கை. அது பாரிசிலிருந்து வந்த கை என்று நினைத்து மெல்லப் பிடிக்கிறான். லவீனாவுக்கு அந்தக் கணத்தில் ஸ்ரெல்லா மேல் வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. அங்கே இல்லாத ஸ்ரெல்லா மேல், தன்னுடைய கைக்குள் இருந்த ஸ்ரெல்லா மேல்.

வள்ளத்தைத் தள்ளினான், தாவி ஏறினான், எஞ்சினை இழுத்தான். கரை விலகத் தொடங்கியது. நாலு வள்ள நீளம் போன பிறகு லவீனா தொப்பியைக் கழற்றினாள். சால்வையையும் அவிழ்த்து, கொண்டையை ஒருமுறை தட்டிவிட்டு, பின்னால் திரும்பி அவனைப் பார்த்தாள்.

ஜெயசுதனின் முகம் வெளிறியது. வாய் திறந்தது. வெளியாட்களுக்கு முன்னால் என்னத்தைச் சொல்வது? அவன் கரையைப் பார்த்தான். லூர்த்தம்மாவும் கண்டுவிட்டார். கையை உயர்த்தி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, கூப்பிட வாயெடுத்தவர், சட்டென்று செபமாலைக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். போகிறவனைப் பின்னால் கூப்பிடக் கூடாதே! தள்ளின வள்ளத்தைத் திருப்பவும் கூடாது. மாமியின் ஒரு சட்டத்தை மாமியின் மறு சட்டம் கட்டிப் போட்டது. லவீனா அதைத்தான் நம்பி ஏறியிருந்தாள். வாயைப் பொத்தியபடி நின்ற லூர்த்தம்மா கரையில் சிறுத்துக்கொண்டே போனார்.

 ஜெறோம்தான் பேச்சைத் தொடங்கினான். அணியத்தைக் காட்டி, “அண்ணை, ஆர் அந்த லவீனா?” என்றான்.

“என்ரை மனிசி” என்றான் ஜெயசுதன்.

“அவ உங்களோடை வாறேல்லையோ?”

“அவளுக்குக் கடலெண்டால்...” என்று பழக்கதோஷத்தில் தொடங்கிய வாய் நின்றது. லவீனா திரும்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை எடுக்கவில்லை. சொல், சொல்லு பார்ப்போம் என்று நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டது.

ஜெயசுதன் எஞ்சின் பிடியை மற்றக் கைக்கு மாற்றினான்.

“இண்டைக்கு வந்திருக்கிறா” என்றான்.

ஜெறோமின் மனைவி லவீனாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். விளங்கியதும் கை தட்டிச் சிரித்தாள். ஜெயசுதன் சிரிக்கவில்லை. ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன.

சிறுத்தீவு நெருங்க எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, நீளக் கம்பை எடுத்துச் சேற்றில் ஊன்றித் தள்ளினான். முதலில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீருக்கு மேல் வெளிறிய ஒரு கோடு மட்டும் கிடந்தது. பிறகு சத்தம் கேட்டது, சந்தையில் சனம் கதைக்கிற மாதிரி. கிட்டப் போகப் போக அந்தக் கோடு கழுத்தாகவும் காலாகவும் பிரிந்தது. நெடுநெடு என்ற கால்கள், வளைந்த சொண்டைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு அரித்துக்கொண்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று, கண்ணுக்கு எட்டின மட்டும். சூரியன் கிளம்பியது. வெள்ளை என்று நினைத்தது எல்லாம் மெல்லச் சிவந்தது.

எங்கோ ஒன்று கழுத்தை நீட்டிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அதைப் பார்த்து மற்றது. பிறகு முழுவதும். தண்ணீரை மிதித்து மிதித்து ஓடி, எழும்பி, இறக்கையை விரித்தபோது உள்ளே ஒளித்து வைத்திருந்த சிவப்பு அவ்வளவும் வெளியே வந்தது. வள்ளத்தின் மேலாகப் போனது. காற்று முகத்தில் அடித்தது. லவீனா வாயைத் திறந்தபடி அண்ணாந்து இருந்தாள்.

அவளுக்கு வந்தது முதலில் கோபம். இவ்வளவு பக்கத்திலா இருந்தது இது? ஒரு பானை கூழ் கொதிக்கிற நேரத்தில் வந்துவிடலாமே! ஜெர்மன்காரி பார்த்துவிட்டாள், வங்கிப் பெண்கள் பார்த்துவிட்டார்கள், அந்தக் குஞ்சு குருமான்கள் கைப்பேசியில் விளையாடிக்கொண்டே பார்த்துவிட்டுப் போய்விட்டன. அத்தனை பேருக்கும் பிறகு, கடைசி ஆளாய், களவாய் வந்து பார்க்கிறாள் லவீனா.  ஆனால் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

“நேற்று ஸ்ரெல்லா காட்டின படத்திலை இவ்வளவு கிட்ட இல்லையே, அண்ணை?” என்றாள் ஜெறோமின் மனைவி.

ஜெயசுதன் கம்பை ஊன்றினான். பறவைகள் திரும்ப இறங்கிய பக்கமாக வள்ளம் இன்னும் கொஞ்சம் கிட்டப் போனது. ஜெறோமின் மனைவி சொன்னது லவீனாவின் காதில் விழுந்தது. கேட்டு, அதை மடித்து நெஞ்சுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். ஸ்ரெல்லாவுக்குக் காட்டாத தூரம். இருக்கட்டும்.

திரும்பும்போது கோட்டை மதில் காலை வெயிலில் கறுப்பாக நின்றது. அவன் மற்றவர்களுக்கு ஒல்லாந்தன் கதை சொன்னான். சொல்லிக்கொண்டே இடையிடையே லவீனாவின் பக்கம் திரும்பி, அவள் கேட்கிறாளா என்று பார்த்தான். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

கரையில் லூர்த்தம்மா அதே இடத்திலேயே நின்றார். வள்ளம் மணலைத் தொட்டதுதான் தாமதம், அடக்கி வைத்த அவ்வளவும் வெடித்தது.

“கோதாரியிலை போவாளே! பூசைக்குப் போறன் எண்டு பொய் சொல்லி, ஆம்பிளை உடுப்பும் போட்டுக்கொண்டு... என்ரை குடியைக் கெடுக்கவோ வந்தனி? கடல் சும்மா விடுமோ? எடேய், நீயும் பாத்துக்கொண்டு இருந்தனியோ? எடியே, கூழை ஆர் காய்ச்சுறது? உன்ரை கொப்பரோ?”

வலை உலர்த்தியவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.  லவீனா சாக்கிலிருந்து ஸ்ரெல்லாவின் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். லூர்த்தம்மா பின்னால் ஒழுங்கை முழுக்க ஏசிக்கொண்டே வந்தார்.

விருந்தாளிகள் முற்றத்து வேப்பமரத்தின் கீழ் இருந்தார்கள். குசினியில் லவீனா அடுப்பை மூட்டி, நண்டையும் இறாலையும் பானையில் போட்டாள். லூர்த்தம்மா பனங்கிழங்கு ஒடியல் மாவைக் கரைத்தார். கரைத்துக்கொண்டே ஏசினார். ஏச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு நின்றது. கைமட்டும் மாவைச் சுற்றிச் சுற்றிக் கரைத்தது, கட்டி ஒன்றும் இல்லாமல் போன பிறகும்.

லவீனா அகப்பையால் துழாவிக்கொண்டு நின்றாள். மாமி இனி என்ன சொல்வார் என்று தெரியாமல் இல்லை. சாபம் போடுவார், அல்லது அழுவார்.

“பிள்ளை” என்றார் லூர்த்தம்மா. முகத்தை இந்தப் பக்கம் திருப்பவில்லை.

“என்ன, மாமி?”

“அது... மெய்தானோ, உள்ளுக்குச் சிவப்போ? என்ரை மனிசன் சொல்லுவார். நான் நம்பினதில்லை.”

லவீனாவின் கை நின்றது. கடலோடு வாழ்ந்த ஒரு மனிதனுக்குப் பெண்டாட்டியாகி, கடலோடு வாழ்கிற மகனைப் பெற்று, விடியற்காலை விடியற்காலை அந்தக் கரையில் போய் நின்ற மனுஷி. யார் யாரோ கை பிடித்து ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற மனுஷி. அந்த முகத்தை லவீனாவுக்குப் புதிதாகப் பார்க்கத் தேவையில்லை. தன்னுடைய முகம்தான் அது. இப்போது அந்த எரிச்சல் எல்லாம் இவளைப் பார்த்து. ஒரு கணம் அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இனித்தது. ‘நானெல்லாம் பார்த்துவிட்டேன்’ என்று நிமிர்ந்து நிற்கவும் ஆசை வந்தது.

“சொன்னால் விளங்காது, மாமி” என்றாள். “போய்த்தான் பாக்க வேணும்.”

“எனக்கென்ன விசரோ, இந்த வயசிலை?” என்று லூர்த்தம்மா சீறினார். மாவைப் பானைக்குள் ஊற்றினார். கையைச் சேலையில் துடைத்தார். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். மகன் முற்றத்தில் விருந்தாளிகளோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, மருமகளின் காதுக்குக் கிட்ட வந்து கேட்டார்.

“தள்ளினாப் பிறகு அவன் திருப்பமாட்டான், என்ன?”